நாயின் குலமுறை

மாடு வாங்கப் போகிறவர் சுழி பார்ப்பார், பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நடக்கவிட்டும் பார்ப்பார். சாதி நாய் வாங்கப் போகிறவரோ, குட்டியைக் கையில் எடுப்பதற்கு முன்னரே, “கடதாசி உண்டா?” என்று கேட்கிறார். அக்கடதாசி கென்னல் கிளப் எனப்படும் நாய்க் கழகம் ஒன்றின் பதிவுப் பத்திரம். அது கையில் இருந்தால் நாயின் உயர்வுக்கும் உடல் நலத்துக்கும் யாரோ பிணை நின்றதாகப் பலர் எண்ணிவிடுகின்றனர். அப்பத்திரம் உண்மையில் எதற்குப் பிணை நிற்கிறது என்பதை அறிய வேண்டுமாயின், அது பிறந்த இங்கிலாந்துக்கே செல்லுதல் வேண்டும்.

நியூகாசில் நகரில் 1859ஆம் ஆண்டு யூன் மாதத்திலே ஒரு நாய்க் காட்சி நடந்தது. ஒழுங்குபட நடந்த முதற் காட்சி என்று அதனையே கூறுவர். வேட்டைக்குத் துணை செய்யும் பொயின்ரர், செற்றர் என்னும் இரு வகை நாய்களே அங்கு வந்தன. தொகை ஏறத்தாழ 60. பரிசு துப்பாக்கி. செற்றர் நாய்களுக்கு நடுவராக இருந்தவரின் நாய் பொயின்ரர் பிரிவிலும், பொயின்ரர் நாய்களுக்கு நடுவராக இருந்தவரின் நாய் செற்றர் பிரிவிலும் முதலிடம் பெற்றன! நடுவர்களின் நேர்மையை ஐயுற வேண்டியதில்லை. எனினும், காட்சிகள் பெருகப் பெருக ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்ற எண்ணம் எழுந்ததில் வியப்பில்லை.

பாராளுமன்ற உறுப்பினராய் இருந்த சூவாலிஸ் எவ்லின் ஷேர்லி என்பவரும் வேறு பன்னிருவரும் 1873ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் இலண்டனிற் கூடிக் கென்னல் கிளப்பை நிறுவினர். மறு ஆண்டிலே வமிசாவளிப் பதிவேட்டின் முதற்றொகுதி வெளிவந்தது. அதில் 4,027 நாய்கள் இடம்பெற்றன. பந்தயக் குதிரைகளுக்கு இத்தகைய ஏடு பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றியிருந்தமையால், ஆங்கிலேயருக்கு இது புதுமையன்று.

ஏட்டைத் தொகுக்கப் புகுந்தபோதுதான் பெரியதோர் இடர் தோன்றியது. பாங், ஜெற், ஸ்பொட் என்னும் சில பெயர்களே நாடெங்கும் வழங்கின. ஒரு பாங் பெற்ற பரிசை இன்னொரு பாங்கின் உடையவர் தமதென்று சொன்னால் மறுப்பார் யார்? ஆகவே 1880ஆம் ஆண்டில், காட்சிக்கு வரும் நாய்களின் பெயர்களை முன்னரே பதிய வேண்டும் என்ற முறை கொண்டுவரப்பட்டது. தொடக்கத்தில் அதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. இன்று உலகெங்கும் மதிக்கப்படும் நாய்ப் பதிவு இவ்வாறுதான் பிறந்தது. அதன் முதல் நோக்கம் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்பதே. குலமுறை பின்னர் வந்து சேர்ந்தது. உடல் நலமோ அக்காலத்திற் பேச்சிலேயே இல்லை.

இக்காலத்துப் பதிவு முறை சிக்கலற்றது. தாயும் தந்தையும் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். ஓர் ஈற்றில் ஈன்ற குட்டிகளை எல்லாம் வளர்ப்பவர் ஒருங்கே பதிகிறார். தம் வளர்ப்பகத்துக்கென உரிமை பெற்ற ஒரு சொல்லை ஒவ்வொரு குட்டியின் பெயரோடும் அவர் சேர்க்கலாம். குட்டியை வாங்கியவர் உடைமையைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்கிறார். அமெரிக்கக் கழகம் 1884இல் நிறுவப்பட்டது. அங்கு குட்டியைத் தனியே பதியும் வேலை வாங்கியவரையே சாரும். இவ்வளவுக்கும், கழகத்தார் எவரும் குட்டியை நேரிற் கண்டு சோதித்தாக வேண்டுமென்பதில்லை. வளர்ப்பவரின் வாக்குமூலமே ஏடாகிறது. அமெரிக்கக் கழகம் இதனை மறைப்பதுமில்லை. பதிவு தரத்தையோ நலத்தையோ காட்டாது என்று அதுவே அறிவித்துள்ளது.

பதிவேட்டில் இல்லாத இரத்தம் உள்ளே வரலாகாது என்பதே இம்முறையின் வலிமை. குறையும் அதுவே. வெள்ளை உடலிற் கரும்புள்ளி பரந்த டல்மேஷியன் நாய் இதற்குத் தக்க சான்று. பிற நாய்களின் ஈரல் யூரிக் அமிலத்தை எளிதிற் கரையும் வேறொரு பொருளாக மாற்றிவிடும். டல்மேஷியனிலோ அவ்வமிலம் ஈரலினுட் செல்லும் வழி பழுதுபட்டிருப்பதால், அது சிறுநீரில் மிகுந்து கல்லாகிறது. ஆண் நாய்களிற் கல் வழியை அடைத்து உயிருக்கே ஊறு விளைப்பதுண்டு. பதிவு பெற்ற டல்மேஷியன்கள் அனைத்திலும் இப்பழுது இருந்தது. தூய இனத்துக்குள்ளேயே துணை தேடினால் மருந்து எங்கிருந்து வரும்?

இறொபேட் ஷைபிள் என்னும் அமெரிக்க மரபியலறிஞர் 1973ஆம் ஆண்டில் ஒரு பொயின்ரர் நாயை டல்மேஷியனோடு இணைத்தார். பிறந்த குட்டிகளிற் பழுதற்றவற்றைத் தேர்ந்து, தலைமுறைதோறும் டல்மேஷியனோடே சேர்த்துவந்தார். இவ்வாறு செல்லின் ஐந்தாந் தலைமுறையில் 32இல் 31 பங்கு டல்மேஷியனே. எஞ்சிய ஒரு பங்கிலே நலம் இருந்தது. அமெரிக்கக் கழகம் 1981இல் அவ்வழி வந்த இரு நாய்களைப் பதிந்தது. அவ்வின நாய்களை வளர்ப்போரின் சங்கத்திலே எதிர்ப்பு எழ, அவ்வழியினருக்கு ஏடு மீண்டும் மூடப்பட்டது. 32இல் ஒரு பங்கு அவர்களை அவ்வளவு உறுத்தியது போலும்!

காலம் மாறுவதற்கு வெளியிலிருந்து ஒரு தள்ளல் வேண்டியிருந்தது. தூய இன நாய்கள் படும் துன்பத்தைப் பிரித்தானிய ஒலிபரப்புக் கழகத்தின் தொலைக்காட்சி 2008இல் விரித்துக் காட்டியது, நாடு கொதித்தது. அடுத்த ஆண்டிலே, தாயோடு மகனையோ, தந்தையோடு மகளையோ, உடன்பிறந்தவற்றையோ சேர்த்துப் பெற்ற குட்டிகளை இனிப் பதிவதில்லை என்று இலண்டன் கழகம் விதித்தது. 2010இல் ஷைபிளின் வழிவந்த ஒரு பெண் நாயை அது தன் ஏட்டில் ஏற்றது. 2011இல் அமெரிக்கக் கழகமும் தன் ஏட்டை அவ்வழியினருக்குத் திறந்தது. இடையிற் கழிந்த முப்பது ஆண்டுகளில் அமெரிக்காவிற் பிறந்து, முறையாகப் பதியப்பட்டு, பத்திரத்தோடு விலையான டல்மேஷியன் குட்டிகள் ஒவ்வொன்றும் அந்தப் பழைய பழுதைத் தாங்கியே வீடு சென்றன.