கடற்கன்னி யாருக்குச் சொந்தம்?



டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனுக்குச் சுற்றுலா போகிறவர்கள், துறைமுக ஓரத்தில் இருக்கும் ஒரு சிலையைப் பார்க்காமல் திரும்புவது அபூர்வம். பாறைமேல் உட்கார்ந்திருக்கும் குட்டிக் கடற்கன்னி. உயரம் ஒன்றேகால் மீட்டர்தான். எழுத்தாளர் ஆண்டர்சனின் கதையில் வரும் அந்தக் கன்னியை வெண்கலத்தில் வடித்தவர் எட்வர்ட் எரிக்சன். உடலுக்கு மாதிரியாக இருந்தவர் அவருடைய மனைவி எலினே. 1913-இல் சிலை திறக்கப்பட்டது.

ஆண்டர்சன் 1875-இலேயே இறந்துவிட்டதால், கதையை இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். சிலை விஷயம் அப்படியில்லை. அந்நாட்டில் பதிப்புரிமை, படைப்பாளி மறைந்த பிறகும் 70 ஆண்டுகள் நீடிக்கும். எரிக்சன் மறைந்தது 1959-இல். ஆகவே 2029 முடியும் வரை உரிமை வாரிசுகளிடம்தான். முன்பு இந்தக் காலம் 50 ஆண்டுகள்; ஐரோப்பிய ஒன்றியம் உறுப்பு நாடுகளுக்கெல்லாம் ஒரே அளவு வகுத்தபோது 70 ஆனது.

நீங்கள் படம் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளத் தடையில்லை. கட்டடங்களின் படத்தை விற்கவும் செய்யலாம். ஆனால் பொது இடத்துச் சிலையே படத்தின் மையமாக இருந்து, அந்தப் படம் வணிகத்துக்குப் பயன்பட்டால் அனுமதி வாங்க வேண்டும்.

இதில்தான் பெர்லிங்ஸ்கே நாளிதழ் சிக்கியது. கடற்கன்னியைப் பேயுருவாக்கி 2019-இல் ஒரு கேலிச்சித்திரம் போட்டார்கள். கொரோனா வந்த 2020-இல் அவளுக்கு முகக்கவசம் மாட்டிய படம். வாரிசுகள் வழக்குப் போட்டார்கள். முதலிரண்டு நீதிமன்றங்களிலும் ஜெயித்தார்கள். மேல்முறையீட்டில் இழப்பீடு 3 லட்சம் குரோனர் ஆனது. ஒரு கேலிச்சித்திரத்துக்கும் ஒரு படத்துக்கும் இவ்வளவு தொகை என்றால், எந்த ஆசிரியருக்குத் துணிச்சல் வரும்?

2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் இந்தத் தீர்ப்பைப் புரட்டிப்போட்டது. அந்தப் படங்கள் வெளியான காலத்தில் கேலிக்கென்று பொதுவான விதி எதுவும் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதாவிட்டாலும், கேலிக்கு இடமளிப்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்டுவந்த நெறி என்று நீதிபதிகள் கருதினார்கள். இரண்டு படங்களுமே உரிமை மீறல் இல்லை என்று முடிவானது.

எனக்கு இது சரியான தீர்ப்பாகவே படுகிறது. நாட்டின் அடையாளமாகிவிட்ட ஓர் உருவத்தை வைத்துத்தான் நாட்டை விமர்சிக்க முடியும். அதற்கு வாரிசுகளின் சம்மதம் கேட்டு நிற்பது பத்திரிகையின் வேலையல்ல. சிற்பியின் குடும்பத்துக்கு இதனால் எதுவும் பறிபோகவுமில்லை. குட்டிக் கடற்கன்னியைப் பொம்மையாக வார்த்து விற்கிற வியாபாரி இன்றும் அவர்களிடம்தான் அனுமதி கேட்க வேண்டும்.