ஒரு ஜலதோஷமும் மலைக் கொரில்லாவும்

(நம் சங்கக் கூடத்தில் ஞாயிறு மாலை பேசியதன் எழுத்து வடிவம்)



போன வாரம் லிஃப்டில் பார்த்த செயலாளர், "சார், ஆப்பிரிக்கா போய் வந்தீங்களே, பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். முப்பத்தைந்து வருஷம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். மேடைப் பேச்சு வராது, கணக்குச் சொல்ல வரும். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மருமகனுக்குக் கம்பாலாவில் வேலை. அங்கிருந்து காரில் ஒரு முழுப் பகல் போனால், உகாண்டாவின் தென்மேற்கு மூலையில் பிவிண்டி தேசியப் பூங்கா. 1991-ல் தேசியப் பூங்காவாக்கினார்கள். 1994-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2018-ல் எண்ணி 2019-ல் வெளியிட்ட கணக்குப்படி உலகத்தில் இருந்த மலைக் கொரில்லாக்கள் மொத்தம் 1,063. அதில் 459 பிவிண்டியிலும் அதை ஒட்டிய காங்கோ காட்டிலும். எந்த மிருகக்காட்சிசாலையிலும் இந்த இனம் கிடையாது.

பெர்மிட் தலைக்கு 800 டாலர். எட்டுப் பேர் ஒரு குழு, பார்ப்பது ஒரே ஒரு மணி நேரம். எங்கள் இருவருக்கும் 1,600 டாலர் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது.

முதல் நாள் ராத்திரி என் மனைவிக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. காலையில் வழிகாட்டி, "சளி, இருமல், காய்ச்சல் யாருக்காவது இருந்தால் சொல்லிவிடுங்கள், நம் நோய் கொரில்லாவுக்கு ஒட்டும்" என்றார். நான் மெதுவாக, "சும்மா இரு, ரெண்டு தும்மல்தானே!" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையைத் தூக்கிவிட்டாள். எனக்குக் கோபமான கோபம். தனியாகத்தான் போனேன்.

மூன்று மணி நேர ஏற்றம். சேறு, முள், தொட்டால் எரியும் செடிகள். சுமை தூக்க வந்த பையன் என் பையை மட்டுமல்ல, பாதி வழி என்னையும் சேர்த்து இழுத்தான். விடியும் முன்பே கிளம்பிப் போன தேடுபவர்கள், முந்தின இரவு கொரில்லாக்கள் படுத்த இடத்திலிருந்து தடம் பிடித்து எங்களுக்குத் தகவல் சொன்னார்கள். முகக்கவசத்தோடு தள்ளி நின்றோம். முதுகு வெளுத்த பெரிய ஆண் ஒன்று இலை தின்றுகொண்டிருந்தது. குட்டி அதன் வயிற்றில் ஏறிச் சறுக்கியது. ஆடிட்டரைப் பார்க்கும் பழைய கேஷியர் மாதிரி எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி இலைக்குத் திரும்பிவிட்டது. ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

இறங்கும்போதுதான் வழிகாட்டி 1996 கதையைச் சொன்னார். மனிதரிடமிருந்து சொறி நோய் தொற்றி ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கே முடி கொட்டியதாம். குட்டி ஒன்று செத்தே போனது. வயலில் சோளக்கொல்லைப் பொம்மைக்குப் போட்ட பழந்துணிதான் காரணமாக இருக்கும் என்றார்கள். அன்று வைத்தியம் பார்த்த கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-ஜிகுசோகா, பிறகு 2003-ல் ஓர் அமைப்பே தொடங்கிச் சுற்றுக் கிராம மக்களின் உடல்நலத்தைக் கவனித்தார். மக்கள் நன்றாக இருந்தால்தான் கொரில்லாவும் நன்றாக இருக்கும் என்பது அவர் கணக்கு. எனக்கு அப்புறம் பேச்சே வரவில்லை.

விடுதியில் மனைவி வேறு கதை வைத்திருந்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த பாட்வா இனப் பாட்டியிடம், இன்னொருவர் மொழிபெயர்க்கப் பேசியிருக்கிறாள். அந்தக் காட்டிலேயே வேட்டையாடி, தேன் எடுத்து வாழ்ந்த ஜனங்கள்; பூங்கா வந்ததும் வெளியேற்றப்பட்டார்கள், பலருக்குச் சொந்த நிலமில்லை. பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதம் சுற்றுக் கிராமங்களுக்குச் சட்டப்படி போகிறது. ஆனால் அந்தப் பாட்டி வீட்டுக்கு எவ்வளவு வந்தது என்று கேட்டால், கையை விரித்தாராம். இந்த லெட்ஜர் எனக்கு இன்னும் டேலி ஆகவில்லை.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று: மஞ்சள் காய்ச்சல் ஊசியை பத்து நாள் முன்பாவது போட்டுக்கொள்ளுங்கள், சான்றிதழ் இல்லாமல் திரும்பி வரும்போதும் சிக்கல்தான். படங்கள் நாற்பது இருக்கின்றன, விளக்கை அணைத்தால் காட்டுகிறேன். பாட்டியின் படம் கடைசியில் இருக்கிறது, அது மனைவி எடுத்தது.