நோயாளியின் வாழ்வை எந்தக் கோலால் அளப்பது?

(பங்கின் யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நோயாளிகளைச் சந்திக்கும் குழுவின் சார்பில் சில வார்த்தைகள் பேசும்படி விழாக் குழுவினர் எங்களைப் பணித்தார்கள். சாதனைகளைப் பட்டியலிட நாங்கள் வரவில்லை. நாங்கள் செய்த ஒரு தவற்றையும் அதனால் கற்ற பாடத்தையும் சொல்லவே வந்தோம்.

நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மூட்டுவாதம், சிறுநீரகக் கோளாறு ஆகியவை வந்தால் எளிதில் போகாத விருந்தாளிகள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியாகச் சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்தன. மேல் சிகிச்சை வேண்டுமானால் செஞ்சிக்கோ, முண்டியம்பாக்கத்துக்கோ, புதுவை ஜிப்மருக்கோ நம் அனந்தபுரத்து மக்கள் செல்கிறார்கள். நோய் முற்றிலும் தீராவிட்டாலும் அதனோடு பல்லாண்டு வாழ முடிகிறது. ஆகவே 'எத்தனை நாள் வாழ்வார்?' என்று கேட்டால் மட்டும் போதாது, 'எப்படி வாழ்கிறார்?' என்றும் கேட்க வேண்டியவர்களாய் இருக்கிறோம்.

சர்க்கரை நோயால் ஒரு பாதத்தை இழந்த தாயார் ஒருவரை மாதந்தோறும் சந்தித்து வந்தோம். "சர்க்கரை எவ்வளவு? புண் ஆறிற்றா? மாத்திரை போட்டீங்களா?" இவையே எங்கள் கேள்விகள். ஒருநாள் இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கீங்கம்மா" என்று மகிழ்ச்சியோடு சொன்னோம். அவரோ, "சீட்டு நல்லாத்தான் இருக்குது. நான் கோயிலுக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு. அதை நீங்க கேக்கவே இல்லியேப்பா" என்றார். எங்களால் பதில் சொல்ல இயலவில்லை.

மருத்துவ உலகமும் இந்தப் பாடத்தை மெதுவாகத்தான் கற்றது. 1940களின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் கார்னோஃப்ஸ்கி, நோயாளியின் நிலைக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் இடும் முறையை வகுத்தார். மதிப்பெண் இட்டவர் மருத்துவர். 1990களில் உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளக்க ஒரு கேள்வித்தாளை உருவாக்கியது. அப்பணியில் பங்கேற்ற நகரங்களில் நம் சென்னையும் ஒன்று. அதன் சுருக்க வடிவில் உடல், மனம், உறவு, சூழல் பற்றி 26 கேள்விகள் உண்டு, தமிழிலும் உண்டு. இங்கே பதில் சொல்பவர் நோயாளி. ஆனால் கேள்விகள் பிறருடையவை.

அதே 1990களில் அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஓ'பாயல், மெக்கீ, ஹிக்கி முதலிய அறிஞர்கள் மேலும் ஓரடி எடுத்து வைத்தார்கள். "உங்கள் வாழ்வில் மிக முக்கியமான ஐந்து எவை?" என்று நோயாளியையே கேட்டார்கள். ஒவ்வொன்றும் இப்போது எப்படி இருக்கிறது என்பதற்கு அவரே 100க்கு மதிப்பெண் இடுவார். பின்பு எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று 100 பங்கை ஐந்துக்கும் அவரே பிரித்துக் கொடுப்பார்.

அந்தத் தாயாரிடம் நாங்களும் இப்படிக் கேட்டுப் பார்த்தோம். பேரன் படிப்புக்கு 30 பங்கு, மதிப்பெண் 80. ஞாயிறு திருப்பலிக்கு 30 பங்கு, மதிப்பெண் 10. மகளின் அன்புக்கு 20 பங்கு, மதிப்பெண் 70. கடன் தீர்வதற்கு 10 பங்கு, மதிப்பெண் 40. கால் வலிக்கு 10 பங்கு, மதிப்பெண் 50. பெருக்கிக் கூட்டினால் 100க்கு 50 வந்தது. நாங்கள் மாதந்தோறும் விசாரித்த காலுக்கு அவர் கொடுத்தது பத்தே பங்கு!

பிறகு ஞாயிறுதோறும் ஓர் ஆட்டோவுக்கு ஏற்பாடு செய்தோம். சில மாதம் கழித்து மீண்டும் கேட்டபோது, திருப்பலிக்கு 10 என்றவர் 60 என்றார். மற்றவை அப்படியே இருந்தன. மொத்தம் 65 ஆயிற்று. மாத்திரை மாறவில்லை.

அன்பர்களே, இந்த எண் ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கல்ல. அடுத்த வீட்டுக்காரரின் ஐந்து வேறாக இருக்கும். ஒருவரின் நேற்றையும் இன்றையும் ஒப்பிடவே இது உதவும். மருந்தையும் பரிசோதனையையும் விட்டுவிடலாம் என்றும் நாங்கள் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்தினால் அந்த ஐந்தையும் அனுபவிக்க ஆள் இருக்கமாட்டார்.

யூபிலி ஆண்டின் நினைவாக உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். இந்த வாரம் உங்கள் வீட்டிலோ தெருவிலோ நெடுநாள் நோயுற்றிருக்கும் ஒருவரிடம் சென்று அமருங்கள். பழமும் ரொட்டியும் கொடுங்கள். அத்துடன், "உங்களுக்கு முக்கியமானவை எவை?" என்று கேட்டுவிட்டு, அவர் ஐந்தையும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையோடு காத்திருங்கள். அவற்றில் ஒன்றையாவது நம்மால் செய்ய முடியும்.