ஒரு புள்ளியின் தூரம்



உதைபந்தாட்டம் என்றதும் யாழ்ப்பாணத்தவராகிய நம்முடைய மனக்கண்முன் தோன்றுவது ஒரு சுற்றுப்போட்டியேயாகும். கடலோரத்திலோ ஊரின் நடுவிலோ ஒரு மைதானம். மறைந்துபோன பெரியார் ஒருவரின் ஞாபகார்த்தமாக மேசைமேல் வைக்கப்பட்ட வெற்றிக் கிண்ணம். மின்விளக்குக் கம்பங்களைச் சுற்றி முற்றுகையிட்ட சனங்கள். தோற்ற குழு அன்று மாலையே வீடு திரும்பும். வென்ற குழு அடுத்த சுற்றுக்குச் செல்லும். ஒருநாட் பொழுதின் துணிவும், மத்தியஸ்தரின் ஒரு விசிலும், காற்றுவாக்கில் திரும்பிய ஒரு பந்தும் கிண்ணத்தின் போக்கை மாற்றிவிடக்கூடும்.

லீக் முறையில் நடைபெறும் ஒரு பருவத்தின் இயல்பு வேறு. சுற்றுப்போட்டி திருவிழாவை ஒத்ததென்றால், லீக் பருவம் கமக்காரனின் ஆண்டினை ஒத்தது. எல்லாக் கழகமும் எல்லாக் கழகத்தோடும், சொந்தக் களத்தில் ஒரு முறையும் அயற்களத்தில் ஒரு முறையுமாகப் பொருத வேண்டும். வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒன்று, தோல்விக்கு ஏதுமில்லை. மாதக்கணக்காக இக்கணக்கு எழுதப்பட்டு, இறுதியிலே கூட்டிப் பார்க்கப்படும். கார்த்திகையில் கவனக்குறைவாற் போன ஒரு புள்ளிக்காகப் பங்குனியில் அழ நேரிடுவதும் உண்டு.

அவ்வாறான ஒரு பருவத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். அது பாக்குநீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டுக் கழகமொன்று முழு இந்தியாவுக்கும் சாம்பியனாகிய 2018-2019ஆம் ஆண்டு ஐ லீக் பருவம்.

இந்தியாவில் உதைபந்தாட்டத்தின் தலைநகரம் கல்கத்தா என்பது நெடுங்காலத்து வழக்கு. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் அங்கு வெறுங் கழகங்களல்ல. இரு பெருஞ் சாதிகள் என்றே சொல்லத் தகும். கோவா, கேரளம், வடகிழக்கு மலைநாடு ஆகியவையும் தத்தமக்கெனப் பெயர் படைத்தவை. தமிழ்நாடு நல்ல ஆட்டக்காரரைத் தந்ததேயன்றி, தேசிய லீக்கின் கிண்ணத்தை அதுவரையில் தொட்டதில்லை. சென்னையின் பெயரைத் தாங்கிய வேறொரு கழகமாகிய சென்னையின் எப். சி., 2014இல் தொடங்கிய இந்தியன் சுப்பர் லீக்கில் இருமுறை வெற்றி பெற்றிருந்தது மெய்யே. ஆயினும் அது வேறு லீக். அதன் முதன்மை இறுதியாட்டத்தில் முடிவானது. நான் சொல்லவந்த கதை சென்னை சிற்றி என்ற மற்றக் கழகத்தின் கதை.

நேதாஜி விளையாட்டுக் கழகம் என்ற பெயரில் 1946இல் தோன்றிய கழகமே பிற்காலத்தில் சென்னை சிற்றியாயிற்று. பெயரோ சென்னை, அந்தப் பருவத்தில் அது ஆடிய களமோ கோயம்புத்தூர் ஜவகர்லால் நேரு மைதானம். முந்திய பருவத்தில் அட்டவணையின் கீழ்ப்பாதியிற் கிடந்த குழுவை, சிங்கப்பூரிலிருந்து வந்த அக்பர் நவாஸ் என்னும் பயிற்றுநர் பொறுப்பேற்றார். பந்தைக் கண்மூடித்தனமாக முன்னே உதைத்துவிட்டு ஓடுகின்ற பழக்கத்தை அவர் விரும்பவில்லை. கோல் காப்பாளரிடமிருந்தே பந்தை நிலத்தோடு நிலமாக, ஒருவர் காலிலிருந்து மற்றவர் காலுக்குக் கொடுத்து முன்னேறும் ஆட்டத்தையே கற்பித்தார். இவ்வாட்டம் பார்ப்பதற்கு எளிது. ஆடுவதற்கோ நெஞ்சுரம் வேண்டும். தன் கோலுக்கு முன்னாலேயே ஒரு பிழை நேர்ந்தால் அதைத் திருத்த ஆளில்லை.

அதற்கேற்ற வெளிநாட்டு ஆட்டக்காரர் ஸ்பெயின் தேசத்துக் களங்களிலிருந்து வந்தனர். ஊருகுவேயிற் பிறந்து ஸ்பெயினில் ஆடிவந்த பெட்ரோ மான்சி முன்களத்தில். கனேரித் தீவினரான நெஸ்தோர் கோர்டில்லோ அவருக்குப் பின்னால். நடுக்களத்தில் சாந்துரோ றொட்ரிகஸ். பின்களத்தில் றொபேட்டோ எஸ்லாவா. இவர்களுடைய பெயர்கள் அவர்களுடைய ஊர்களுக்கு வெளியே அதிகம் அறியப்பட்டவையல்ல. ஆனால், இவர்களைச் சூழ நின்றவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டு இளைஞர்கள்: எட்வின் சிட்னி வன்ஸ்போல், அலெக்சாண்டர் றொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் முதலானோர். பெருங் கழகங்கள் விலைகொடுத்து நட்சத்திரங்களை வாங்கிய காலத்தில், அயலிலுள்ளவனைப் பயிற்றுவித்து அவனருகே தகுந்த ஒரு வெளிநாட்டவனை நிறுத்துவது சிக்கனமுமாகும், சூட்சுமமுமாகும்.

2018 ஒக்டோபர் 26ஆந் திகதி பருவம் கோயம்புத்தூரிலேயே தொடங்கிற்று. இளைஞர் குழுவான இந்தியன் அரோசை சென்னை சிற்றி 4-1 என வென்றது. மான்சி தனியொருவராக மூன்று கோல் அடித்தார். பதினொரு கழகங்கள்; கழகத்துக்கு இருபது ஆட்டங்கள். தொடக்கத்தில் இவ்வெற்றியை எவரும் பெரிதாக மதிக்கவில்லை. நவம்பரில் கல்கத்தாவுக்கே சென்று ஈஸ்ட் பெங்காலை 2-1 என வென்றபோதுதான் மக்கள் நிமிர்ந்து பார்த்தனர். 2019 ஜனவரியில் கோயம்புத்தூரிலும் அதே கழகத்தை அதே கணக்கில் வென்றனர். இந்த இரு வெற்றிகளையும் நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றேன்.

அந்தப் பருவத்தின் மற்றொரு அதிசயம் காசுமீரம். 2014இன் பெருவெள்ளத்துக்குப் பின் உருவான றியல் காசுமீர் என்னும் கழகம், தேசிய லீக்கில் தனது முதலாவது பருவத்திலேயே 37 புள்ளிகளுடன் மூன்றாம் இடத்தைப் பெற்றது. பயிற்றுநர் டேவிட் றொபேட்சன் ஸ்கொத்லாந்துக்காரர். குளிரிலே சிறீநகர் மைதானத்துக்குப் பல்லாயிரவர் வந்து ஆட்டம் பார்த்தனர். 2019 பெப்ரவரி 14இல் புல்வாமாவில் நிகழ்ந்த குண்டுத் தாக்குதலின் பின் மினேர்வா பஞ்சாப் கழகம் அங்கு ஆட வரவில்லை. ஈஸ்ட் பெங்காலுடனான ஆட்டம் டில்லிக்கு மாற்றப்பட்டது. சொந்தக் களத்தில், சொந்தச் சனங்களின் முன் ஆட வேண்டிய ஆட்டத்தை வேறூரில் ஆடுவதன் துயரத்தை நமது மண்ணிலுள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மார்ச் முதலாந் திகதி கோவாவில் சேர்ச்சில் பிரதர்சை வென்றிருந்தால், சென்னை சிற்றிக்குக் கிண்ணம் அன்றே உறுதியாகியிருக்கும். அவர்கள் 3-2 எனத் தோற்றனர். சேர்ச்சிலின் முன்கள வீரர் திரினிடாட் நாட்டு வில்லிஸ் பிளாசா. அவரும் மான்சியும் பருவ முடிவில் ஆளுக்கு 21 கோல்களுடன் சமநிலையில் நின்றனர். இவ்வாறாக, கடைசி நாளான மார்ச் 9ஆந் திகதி காலையில் சென்னை சிற்றிக்கு 40 புள்ளி. ஈஸ்ட் பெங்காலுக்கு 39.

அன்று இரண்டு ஆட்டங்கள். கோயம்புத்தூரில் சென்னை சிற்றி, முந்திய ஆண்டின் சாம்பியனாகிய மினேர்வா பஞ்சாபை எதிர்த்தது. அங்கிருந்து மலைத்தொடருக்கு அப்பால், கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவை எதிர்த்தது. ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடத்திலேயே மினேர்வா ஒரு கோலைப் போட்டுவிட்டது! அந்த ஒரு கோலோடு முதற்பாதி முடிந்தது. கோயம்புத்தூர் மைதானத்திலிருந்தவர்களுக்கு இடைவேளை எவ்வளவு நீண்டதாக இருந்திருக்கும் என்பதை, ஒரு தடவையாவது கழகமொன்றுக்காகத் தொண்டை வரளக் கத்தியவர் அறிவர்.

இரண்டாவது பாதியில் தண்ட உதை ஒன்று கிடைத்தது. மான்சி அடித்தார், சமநிலை. அதன்பின் கோல் அடித்தவர் மான்சியுமல்லர், கோர்டில்லோவும் அல்லர். கௌரவ் போரா என்னும் பின்கள வீரர். காத்துநிற்பதே தொழிலாகக் கொண்ட அவர், அன்றைக்கு இரு முறை எதிரியின் கோலைத் துளைத்தார். இரண்டாவது கோல் ஆட்டத்தின் கடைசித் தருணங்களில் வந்தது. 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் பின்தங்கியிருந்து மீண்டு 2-1 என வென்றது. ஆனால் அவ்வெற்றி போதவில்லை. 43 புள்ளிகள் ஒருபுறம், 42 மறுபுறம்.

அந்த ஒரு புள்ளி எங்கிருந்து வந்தது? போராவின் காலிலிருந்து வந்ததென்று பத்திரிகைகள் கூறும். நான் அதை நவம்பர் மாதத்திலும் ஜனவரி மாதத்திலுந் தேடுவேன். ஈஸ்ட் பெங்கால் அவ்விரு ஆட்டங்களில் ஒன்றையேனும் சமநிலைப்படுத்தியிருந்தால், தனக்கு ஒரு புள்ளி ஏறி, எதிரிக்கு இரு புள்ளி குறைந்து, கிண்ணம் கல்கத்தாவுக்குப் போயிருக்கும். கடைசி நாளில் அறுக்கப்பட்டது முன்னரே விதைக்கப்பட்டதுதான்.

நேயர்களே, கதை இங்கே முடிந்திருந்தால் அதனை ஒரு மகிழ்ச்சிக் கதையாகச் சொல்லி விடைபெற்றிருப்பேன். சுவிற்சர்லாந்தின் புகழ்பெற்ற பாசல் கழகம் 2019இல் சென்னை சிற்றியின் 26 சதவீதப் பங்கை வாங்கியது. எதிர்காலம் ஒளிமயமாகத் தோன்றியது. ஆனால் அதே ஆண்டில் இந்தியாவின் முதன்மை லீக் என்ற தகுதி ஐ லீக்கிடமிருந்து சுப்பர் லீக்கிற்குப் போயிற்று. ஆட்டக்காரர் ஒவ்வொருவராக விலகினர். கோர்டில்லோ ஐதராபாத்துக்கு; போரா ஒடிசாவுக்கு; எட்வின் சென்னையின் கழகத்துக்கு. 2020இன் தொடக்கத்தில் ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிகாண் ஆட்டத்தில் பகிரெயினின் றிபா கழகத்திடம் 1-0 எனத் தோற்றனர். அவ்வேளையிலேயே மான்சி யப்பானின் நீகாட்டா கழகத்துக்குச் சென்றார். 2021-2022ஆம் ஆண்டுப் பருவத்திற்கான கழகங்களின் பட்டியல் வெளியானபோது சென்னை சிற்றியின் பெயர் அதில் இல்லை. உரிம நிபந்தனைகளை நிறைவேற்றவில்லை என்பது காரணம். சாம்பியனாகி மூன்று ஆண்டுகள் நிறையவில்லை!

இவ்விடத்தில் நமது குடாநாட்டைச் சற்றுத் திரும்பிப் பார்க்கின்றேன். பாசையூர் சென். அன்ரனிஸ், நாவாந்துறை சென். மேரிஸ், குருநகர் பாடும்மீன், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ், ஊரெழு றோயல், மயிலங்காடு ஞானமுருகன் என்று நாம் அறிந்த கழகங்களின் பெயர்களை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஓர் ஊர் நிற்கின்றது. கழகத்தை வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. விற்பதாயின் ஊரையல்லவா விற்க வேண்டும்! 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது மைதானங்கள் வெறிச்சோடின. ஊரவர் திரும்பினர், கழகங்களும் திரும்பின. பரிசிலும் இலண்டனிலும் தொறொன்ரோவிலும் வாழும் பிள்ளைகள் இன்றும் பந்துக்கும் சீருடைக்கும் காசு அனுப்புகின்றனர். பழுதடைந்து கிடந்த துரையப்பா விளையாட்டரங்கு இந்திய அரசின் உதவியுடன் புனரமைக்கப்பட்டு 2016 ஜூன் 18இல் திறந்துவைக்கப்பட்டது.

ஆனால் நம்மை நாமே மெச்சிக்கொள்வதும் பிழை. 2021இல் இலங்கையில் சுப்பர் லீக் ஆரம்பிக்கப்பட்டபொழுது பத்துக் கழகங்கள் அதில் ஆடின. தரைப்படை, கடற்படை, வான்படை ஆகிய மூன்றும் புதுப்பெயர் சூடி வந்தன. கொழும்பின் பழைய கழகங்கள் வந்தன; நாவலப்பிட்டியிலிருந்தும் ஒரு கழகம் வந்தது. வடமாகாணத்திலிருந்து ஒன்றேனும் இல்லை. நம்மூர் இளைஞன் முதன்மை லீக்கில் ஆட விரும்பினால் தெற்கே போய், வேறோர் ஊரின் சீருடையை அணிய வேண்டியவனாகின்றான். ஊர்க்கழகத்திடம் அன்பு உண்டு, சம்பளம் இல்லை. அக்பர் நவாசைப் போல ஆண்டு முழுவதும் பொறுமையாகப் பந்துகொடுத்தலைக் கற்பிக்கும் முழுநேரப் பயிற்றுநருக்கு ஊரிலே இடமில்லை. மாலையில் கடலிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வந்த களைப்போடு ஆடுபவனிடம், பின்களத்திலிருந்து பந்தை ஆறு கால்களின் வழியே கொண்டுபோ என்று எங்ஙனம் கேட்பது?

ஆகவே, ஒருபுறம் பணமும் பயிற்சியும் உடைய, ஆனால் வேரில்லாத கழகம். மறுபுறம் வேருடைய, ஆனால் உயர்ந்து வளரமுடியாத கழகம். இரண்டையும் இணைக்க முடியாதா என்று நண்பர்களிடம் கேட்டதுண்டு. பல ஊர்க்கழகங்கள் சேர்ந்து குடாநாட்டுக்கென ஒரே குழுவை நிறுவலாமென்றார் ஒருவர். "பாசையூரானும் நாவாந்துறையானும் ஒரே சீருடை போடுவார்களோ?" என்று மற்றவர் சிரித்தார். அச்சிரிப்பில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், 2019 மார்ச் 9ஆந் திகதி கோயம்புத்தூரில் ஒரே சீருடையில் நின்றவர்கள் சென்னையிலும் தமிழ்நாட்டின் பல ஊர்களிலும், அசாமிலும், கனேரித் தீவிலும் பிறந்தவர்கள் என்பதை அந்நண்பருக்கு நினைவூட்டினேன். அவர் யோசித்துவிட்டு, "பருவத்துக்கு இருபது ஆட்டமென்றால், அயலூருக்குப் போய்வரும் பஸ் செலவை யார் தருவது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்று விடையிருக்கவில்லை, இன்றும் இல்லை.