இல்ல நினைவுகளைக் காப்போம்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

மட்டாஞ்சேரித் தமிழ்ச் செல்வங்களே!

ஓலைச் சுவடிகள் கரையானுக்கு இரையாகுமுன் படியெடுத்தோர் வழிவழியாக இருந்தமையாலன்றோ, 1887-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அவர்கள் சீவக சிந்தாமணியை அச்சேற்ற முடிந்தது? இன்று நம் இல்லங்களிலும் சுவடிகள் உள. பரணில் கிடக்கும் வீடியோ கேசட்டுகளே அவை. திருமணம், காதுகுத்து, வளைகாப்பு என நம் வாழ்வு அவற்றில் உறைந்துள்ளது. கடலும் காயலும் சூழ்ந்த இவ்வூரில் இடவப்பாதி மழை தொடங்கினால் காற்றெல்லாம் ஈரம். நாடாவில் பூஞ்சை படர்கின்றது. அதனை ஓட்டும் பொறியைச் செய்துவந்த ஜப்பானிய நிறுவனமாகிய ஃபுனாயும் 2016 ஜூலையோடு அத்தொழிலை நிறுத்திவிட்டது.

ஆகவே நாடாவில் உள்ளதை டிவிடி தட்டுக்கு மாற்றுதல் பலரும் கைக்கொண்ட வழியாகும். பதியத்தக்க தட்டில் சாய அடுக்கு ஒன்று உண்டு. லேசர் ஒளி அதனைச் சுட்டுக் குறியிடுகின்றது; அதனாலேயே இதனை 'எரித்தல்' என்பர். தட்டின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட். கணினி எண்ணும் முறை வேறாதலின் 4.37 என்றே காட்டும். அதனைக் குறையென்று கொள்ள வேண்டா. இரண்டு மணி நேரப் படம் அதில் தெளிவாக அடங்கும். மூன்று மணி நேரத்தைத் திணித்தாலும் அடங்கும். ஆனால் ஒவ்வொரு நொடிக்கும் கிடைக்கும் இடம் சுருங்கி, முகங்கள் கட்டங்கட்டமாகச் சிதையும். உழக்கில் ஒரு படி நெல்லை அளக்க இயலுமோ?

எமக்கு நேர்ந்ததை மறையாது உரைக்கின்றோம். எம் இல்லத்துத் திருமண நாடா மூன்று மணி நேரம் ஓடுவது. சிக்கனம் கருதி ஒரே தட்டில் அடக்கினோம், நாடாவை எறிந்தோம், தட்டைச் சன்னலோரம் வைத்தோம். சில ஆண்டுகளில் அது ஓடாதாயிற்று. நலங்கில் எம் அன்னையார் பாடிய பாட்டும் அதனொடு போயிற்று. மலையாளப் பள்ளியில் பயிலும் எம் பேரனுக்கு அவன் கொள்ளுப்பாட்டியின் தமிழைக் கேட்பிக்க இனி வழியில்லை. பிழை எம்முடையதே.

அன்பர்களே! நீண்ட படத்தை இரு தட்டுகளாகப் பிரியுங்கள்: நிச்சயதார்த்தம் ஒன்று, முகூர்த்தம் ஒன்று. விரைவு காட்டாது மெல்லப் பதியுங்கள். பதிவை முடித்து மூடும் இறுதிப் படியை விடாதீர்கள். விட்டால் பிற பொறிகளில் ஓடாமற் போகலாம். வெயிலும் ஈரமும் படாத உறையில் வையுங்கள். தட்டொன்றையே நம்பாது, கணினியின் ஹார்டு டிஸ்கில் ஒரு படியும், ஊரிலுள்ள உறவினர் இல்லத்தில் ஒரு படியும் இருக்கட்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓட்டிப் பார்த்து மீண்டும் படியெடுங்கள். மூல நாடாவை மட்டும் எறியாதீர்கள்.

பொருளைத் தேடிப் புலம்பெயர்ந்தோம். முன்னோர் குரலை இழக்கப் பெயர்ந்தோமல்லோம். இன்றிரவே பரணைத் திறவுங்கள்!

வாழ்க தமிழ்!