பேசும் பெட்டியும் கேட்கும் பெட்டியும்

(திங்கள் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவின் எழுத்துவடிவம்)



செருமனியின் பெர்லின் நகரில் மின்னணுக் கருவிகளுக்கென்று ஒரு பெரும் பொருட்காட்சி நடைபெற்று வருகிறது. 1924-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் அது வானொலிக் காட்சியாகத் தொடங்கியது. போரால் இடையில் நின்று, மீண்டெழுந்து, 2024-இல் நூறாண்டு கண்டது. செருமானியர் அதற்கு இட்ட பெயரில் ‘தீப்பொறி’ என்னும் தம் தாய்மொழிச் சொல்லே வேராக நிற்கிறது. முதற்காலத்துக் கருவிகள் மின்பொறி தெறிக்கவே அலையெழுப்பின. கண்டதைக் கொண்டு பெயரிட்டனர். வேற்றுச்சொல்லைக் கடன்கேட்டு எவர் வாயிலிலும் அவர்கள் நிற்கவில்லை. இதை இவ்வளவில் விடுகிறேன். இன்று நான் பேச வந்தது பெயரைப் பற்றியன்று.

புதுக்கருவி வந்தால் நாம் கேட்பதென்ன? விலை என்ன, எடை என்ன, படம் தெளிவாகத் தெரியுமா என்பவைதாம். இக்கருவியின் முன்னே யார் பேசுகிறார், யார் கேட்கிறார் என்று எவரேனும் கேட்டதுண்டா?

1930-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 22-ஆம் நாள் அக்காட்சியைத் திறந்துவைத்தவர் அறிவியலறிஞர் ஐன்சுட்டைன். வானொலி நாட்டுமக்களை ஒருவரோடொருவர் நெருங்கச் செய்யும் என்று அவர் நம்பிப் பேசினார். கருவியின் வியப்பைத் துய்த்துக்கொண்டே அதன் அறிவியலை அறிய எண்ணாதவர் நாண வேண்டும் என்றும் இடித்துரைத்தார். புல்லைத் தின்னும் ஆவுக்குப் புல்லின் இயல்நூல் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவே நமக்கும் தெரியும் என்பது அவர் கருத்து. நம் வீட்டுக் கருவிகளை எண்ணிப் பார்த்தால், அவ்வடி நம்மேலும் விழுகிறதன்றோ?

மூன்றே ஆண்டுகள் கழிந்தன. 1933-இல் அதே காட்சியைத் திறந்தவர் இட்லரின் பரப்புரை அமைச்சர் கோபெல்சு. ஐன்சுட்டைனுக்கோ அப்போது அந்நாட்டில் இடமில்லை. அவ்வாண்டு ‘மக்கள் வானொலிப் பெட்டி’ என்னும் பொருள்படும் பெயரோடு ஒரு கருவி வெளிவந்தது. விலை 76 மார்க்கு. அந்நாளில் பிற பெட்டிகளின் விலையோடு ஒப்பிட்டால் மிக மலிவு. அதன் எண் 301. இட்லர் ஆட்சிக்கு வந்த முதல் திங்கள் முப்பதாம் நாளையே அவ்வெண்ணில் பொறித்துவைத்தனர். 1938-இல் 35 மார்க்குக்கே இன்னுஞ் சிறிய பெட்டி வந்தது. ஏழை வீடுகளிலும் வானொலி ஒலித்தது. நல்லதுதானே என்பீர்கள். வீட்டுக்கு வீடு பெட்டி. ஆனால் எல்லாப் பெட்டிக்கும் வாய் ஒன்றே! அண்மை நிலையத்தையும் நாட்டின் பெருநிலையத்தையும் கேட்கப் போதுமான ஆற்றலே அதற்கு அளிக்கப்பட்டிருந்தது. வெளிநாட்டு ஒலி அதில் அறவே கேட்காது என்று சிலர் எழுதுவது சரியன்று. இரவில் நல்ல அலைக்கம்பி கட்டினால் இலண்டனும் கேட்கும். அதனால்தான் கருவியின் குறை போதாதென்று சட்டத்தையும் துணைக்கழைத்தனர். 1939-இல் போர் தொடங்கியதும் வேற்றுநாட்டு ஒலிபரப்பைக் கேட்பதே குற்றமாயிற்று. அவ்வெச்சரிக்கையை அச்சிட்ட அட்டை பெட்டியிலேயே கட்டித் தொங்கவிடப்பட்டது. கேட்டதைப் பிறர்க்குச் சொன்னவர்க்குச் சாவொறுப்பும் உண்டு.

இனி 1963-க்கு வாருங்கள். அதே பெர்லின், அதே காட்சி. ஆகத்துத் திங்கள் 30-ஆம் நாள் ஆலந்து நாட்டுப் பிலிப்சு நிறுவனம் ஒரு சிறு பொருளை வைத்தது. அதுவே ஒலிப்பேழை, ஊரார் கேசட்டு என்றது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் உலூ ஒட்டென்சு. சட்டைப் பைக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக மரத்தில் ஒரு கட்டை செதுக்கி, அவ்வளவுக்குள்ளேயே கருவி அமைய வேண்டும் என்றாராம். நான்கு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள இழை. நொடிக்கு ஐந்து சென்றிமீட்டருக்கும் குறைவான ஓட்டம். இசை வல்லார் அதன் ஒலித்தரத்தைக் கண்டு முகஞ்சுளித்திருக்கலாம். ஆயினும் அதில் ஓர் ஒலிவாங்கி இருந்தது! பதிவுப் பொத்தானை அழுத்தினால் எளியவன் குரலும் இழையில் ஏறும். பிலிப்சு அவ்வமைப்பைப் பிற நிறுவனங்கள் உரிமைக்கட்டணமின்றிச் செய்ய இசைந்தது. உலகெங்கும் ஒரே பேழை பரவியதற்கு அதுவே கரணியம்.

விளைந்ததைப் பாருங்கள். 1978-இல் பாரிசு அருகே ஒரு சிற்றூரில் இருந்த ஈரானியத் தலைவர் கொமேனியின் பேச்சுகள் பேழைக்குப் பேழை படியெடுக்கப்பட்டு ஈரான் முழுதும் சென்றன. அரசின் வானொலியும் தொலைக்காட்சியும் மன்னர் கையில் இருந்தும் பயனில்லை. அவ்வழி வந்த ஆட்சியை எவர் எப்படி மதிப்பிட்டாலும், கருவி செய்த வேலை அது. நம் நாட்டில் வளைகுடாவுக்கு வேலைக்குச் சென்றவர்கள் எழுதத் தெரியாத தாய்க்குக் குரலையே மடலாக்கி விடுத்தனர். நாட்டுப்புறப் பாடகரும் மேடைப் பேச்சாளரும் எந்த நிலையத்தாரிடமும் இசைவு வேண்டாமல் ஊர்தோறும் ஒலித்தனர். பேழை இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஒட்டென்சும் 2021-இல் மறைந்தார்.

மூன்றாவது கருவிக்கு வருகிறேன். அமேசான் நிறுவனம் 2014-இல் ‘எக்கோ’ என்றொரு பேசும் ஒலிபெருக்கியை வெளியிட்டது. அடுத்த சில ஆண்டுகளில், பெர்லின் காட்சியிலும் அமெரிக்காவின் இலாசு வேகாசு காட்சியிலும் குளிர்பெட்டி, தொலைக்காட்சி, விளக்கு எல்லாமே குரலுக்குச் செவிசாய்ப்பனவாக வந்து குவிந்தன. அப்பெட்டி தன் பெயரை அழைக்கும்வரை காத்திருக்கும். அழைத்தபின் நம் சொல்லை நிறுவனத்தின் தொலைதூரக் கணினிகளுக்கு அனுப்பி விடைபெறும். முதலில் ஆங்கிலம் மட்டுமே அறிந்திருந்தது. 2016-இல் செருமன் கற்றது. 2019-இல் இந்தி கற்றது. தமிழ் கேட்குமா என்பதே நம்மவர் முதல் வினா. வேண்டிய வினாதான், நானும் அதையே முதலில் கேட்டேன். கேட்ட தமிழ் எங்கே போகிறது, எத்தனை நாள் அங்கே இருக்கிறது என்பதோ நாம் கேட்க மறந்த வினா.

மழலைகளின் குரற்பதிவுகளைச் சட்டத்துக்கு மாறாக நெடுநாள் வைத்திருந்ததாக 2023-இல் அமெரிக்க அரசு அந்நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தது. அரசின் கூற்றை ஒப்பவில்லை என்று சொல்லிக்கொண்டே, இரண்டரைக் கோடி தாலர் தண்டம் கட்ட நிறுவனம் இசைந்தது. குரலை வெளியே அனுப்பாமல் வீட்டுக்குள்ளேயே ஆய்ந்துகொள்ளும் ஏந்து அமெரிக்காவில் சிலவகைக் கருவிகளில் இருந்தது. 2025 மார்ச்சு 28-உடன் அதையும் நிறுத்திவிட்டனர். முன்னைய பெட்டி நம்மைப் பேசவிடவில்லை. இதுவோ பேசு பேசு என்கிறது!

கண் தெரியாதவர்க்கும் கைந்நடுக்கமுள்ள முதியவர்க்கும் இக்கருவி பெருந்துணை. வாங்காதீர் என்று நான் சொல்லவில்லை. வாங்கியவர் வீட்டில் ஒன்று செய்யுங்கள். அதன் தலைமீது ஒலிவாங்கியை அடைக்கும் பொத்தான் ஒன்றுண்டு. அழுத்தினால் செவ்வொளி தோன்றும். அஃது எங்கே இருக்கிறதென்று பிள்ளைகளுக்கு இன்றிரவே காட்டிவிடுங்கள்.