கோடை விடுமுறையும் நம் கல்கத்தாவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் தமிழின் தொன்மையையும் தாயகத்தின் சிறப்பையும் எடுத்துரைப்பது வழக்கம். அவற்றைப் பேச என்னினும் தகுதி வாய்ந்த புலவர்கள் இங்கே அமர்ந்திருக்கின்றனர். ஆதலின், நான் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டேன். நமக்குச் சோறிடும் இந்த நகரத்தை நம் பிள்ளைகள் அறிவார்களா என்பதே அப்பொருள். 2001 ஆம் ஆண்டு முதல் இதற்குக் கொல்கத்தா என்பது பெயர். எனினும் நம் வாயில் வழங்கிவரும் பெயராலேயே கல்கத்தா என்று சொல்கிறேன்.

நம் காலனியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். ஹௌராவில் ஏறினால் கரக்பூர், புவனேசுவரம், விசாகப்பட்டினம், விஜயவாடா என்று சென்னை வரையில் ஒப்பிப்பான். லேக் மார்க்கெட்டிலிருந்து ஜோராசாங்கோவுக்குப் போகும் வழி எது என்று கேட்டால் தாயின் முகத்தைப் பார்ப்பான். பள்ளி, டியூஷன், காலனி, கோயில் ஆகிய நான்கு எல்லைக்குள் அவனுடைய கல்கத்தா முடிந்துவிடுகிறது.

இதனால் என்ன குறை என்று சிலர் வினவலாம். குறை உண்டு, அன்பர்களே! ஊருக்குப் போனால் நம் பிள்ளையைக் 'கல்கத்தாப் பையன்' என்கிறார்கள். இங்கே தெருவில் இறங்கினால் 'மத்ராசி' என்கிறார்கள். இரண்டு ஊரும் தன்னுடையதல்ல என்ற எண்ணத்தோடு ஒரு பிள்ளை வளர்வது நல்லதன்று. தாத்தா பாட்டியைக் காண அனுப்பி ஊரை அவனுக்கு உரியதாக்க நாம் முயல்கிறோம், அது செய்யத்தக்கதே. இந்த நகரத்தையும் அவனுக்கு உரியதாக்குவது யார் கடமை? கோடை விடுமுறையில் ஆறு நாட்களை அதற்காக ஒதுக்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஊர் சுற்றினால் படிப்புக் கெடும் என்பார்க்கு ஒரு வரலாற்றைச் சொல்வேன். 1907 ஆம் ஆண்டில், திருச்சிராப்பள்ளியில் பிறந்த பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் அரசாங்கக் கணக்குத் துறையில் அதிகாரியாக இந்நகருக்கு வந்தார். டிராமில் செல்கையில் பவ்பஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் வங்காளி மருத்துவர் 1876 இல் நிறுவிய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பலகை அது. இளைஞர் இறங்கி உள்ளே சென்றார். அதன்பின் அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் அங்கே ஆராய்ச்சி செய்தார். 1917 இல் அரசாங்க வேலையை விட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அவரே சர் சி. வி. இராமன். 1928 பிப்ரவரி 28 ஆம் நாள் அவர் கண்ட இராமன் விளைவு அந்தக் கழகத்திலேயே பிறந்தது. 1930 இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆராய்ச்சியில் உடன் உழைத்த கே. எஸ். கிருஷ்ணன், நம் வத்திராயிருப்பில் பிறந்தவர். எத்தனையோ பேர் கண்ட பலகைதான் அது. படித்துப் பார்த்து இறங்கி உள்ளே சென்றவருக்குக் கதவு திறந்தது.

ஆறு நாட்களை எவ்வாறு கழிக்கலாம் என்று சொல்கிறேன்.

முதல் நாள் ஆற்றுக்கு. ஹௌரா பாலத்தைப் பஸ்ஸில் கடக்காமல் நடந்தே கடக்க வேண்டும். 1943 இல் திறக்கப்பட்ட அப்பாலத்தில் 26,500 டன் எஃகு இருக்கிறது. நட்டும் போல்ட்டும் இல்லை; எல்லாம் ரிவெட் அடித்து இணைத்தவை. ஆற்றின் நடுவில் தூண் ஒன்றும் இல்லாமல் நிற்பது ஏன் என்று பிள்ளை தானே வியந்து கேட்கட்டும். ஹௌரா நிலையத்தையும் காட்டுங்கள். 1854 ஆகஸ்டு 15 இல் ஹூக்ளிக்கு முதல் வண்டி ஹௌராவிலிருந்துதான் புறப்பட்டது. பின்னர் படகில் பாபுகாட்டுக்கு வரலாம். அதே ஆற்றின் அடியில் 2024 முதல் மெட்ரோ ஓடுகிறது. பாலம், படகு, சுரங்கம் மூன்றிலும் ஒரே நாளில் ஆற்றைக் கடக்கும் வாய்ப்பு இங்கே நமக்கு உண்டு.

இரண்டாம் நாள் சௌரங்கியிலுள்ள இந்திய அருங்காட்சியகம். 1814 இல் தொடங்கப்பட்டது; இப்போதுள்ள கட்டடம் 1878 இல் திறக்கப்பட்டது. வங்கத்தார் 'ஜாதுகர்' என்பர். மாய வீடு என்று பொருள். எகிப்திய மம்மியைக் கண்டு திரும்பிவிடாமல், பார்ஹுத் தூபியின் கல்வேலியின் முன் அரைமணி நேரம் நிற்க வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை.

மூன்றாம் நாள் சிப்பூர்த் தாவரவியல் பூங்கா. 1787 இல் தோன்றியது. அங்குள்ள பெரிய ஆலமரத்தின் நடுமரம் பூஞ்சை நோயால் கெட்டு, 1925 இல் அகற்றப்பட்டது. மரம் சாகவில்லை. மூவாயிரத்துக்கு மேற்பட்ட விழுதுகள் இந்த மண்ணில் ஊன்றி அதைத் தாங்கி நிற்கின்றன. தாயகத்தை விட்டு வந்த நாம் அந்த நிழலில் சிறிது நேரம் அமர்ந்து எண்ணிப் பார்க்கத்தக்க மரம் அது.

நான்காம் நாள் காலேஜ் தெருப் பழைய புத்தகக் கடைகளும், அங்கிருந்து ஜோராசாங்கோவும். இரவீந்திரநாதர் 1861 இல் பிறந்ததும் 1941 இல் மறைந்ததும் ஒரே மாளிகையில் என்பதை நேரில் அறியலாம். ஐந்தாம் நாள் அலிப்பூர்த் தேசிய நூலகம். தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை அவர்களின் நூல் தொகுதி அங்கேதான் இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆறாம் நாளைப் பிள்ளைகளே தேர்ந்துகொள்ளட்டும். அந்த நாளுக்குப் பெரியவர்கள் பெயர் சொல்லக் கூடாது.

இனித் தாய்மார்களின் ஐயங்களுக்கு வருகிறேன். வெயில் கடுமை என்பது உண்மையே. வெளியில் நடக்க வேண்டிய இடங்களுக்கு ஆறரை மணிக்குப் புறப்பட்டுப் பதினொன்றுக்குள் திரும்பிவிடலாம். அருங்காட்சியகத்துக்கும் நூலகத்துக்கும் உள்ளே நிழல் உண்டு. குடையும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். மாலையில் கால்பைசாகிப் புயல் வீசும் பருவமாதலால் ஆற்றுப் படகை மாலைக்கு வைக்க வேண்டாம். துணைக்கு முதல் நாள் பெரியவர் ஒருவர் செல்லட்டும்; பின்னர் நான்கைந்து பேராகச் சேர்ந்து செல்லட்டும். வழி தெரியாவிட்டால், 'தாதா, ஜோராசாங்கோ கோன் திகே?' என்று கேட்டால் போதும். வங்காளி வழி காட்டுவதோடு நில்லார். பாதித் தூரம் உடன் வந்து, எந்த ஊர் என்றும் விசாரிப்பார். பள்ளியில் எழுதும் வங்காளத்துக்கு அன்றுதான் உயிர் வரும்.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்கிறேன். ஆண்பிள்ளையை அனுப்பிவிட்டுப் பெண்பிள்ளையை அடுக்களையில் நிறுத்தாதீர்கள். நாளை படிப்புக்கோ வேலைக்கோ தனியே செல்லப்போகிறவள் அவள். பஸ்ஸின் எண்ணைப் படித்து ஏறவும், கூட்டத்தில் நிமிர்ந்து நடக்கவும் பெற்றோர் அருகில் இருக்கும்போதே பழகட்டும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை. திரும்பி வந்த இரவே, கண்டதைத் தமிழில் அரைப்பக்கம் எழுதிவையுங்கள். கைப்பேசியில் எடுத்த படம் அதற்கு ஈடாகாது. நாம் நகரத்தைக் கற்கும்போது தமிழை மறந்துவிடுவோம் என்று அஞ்சுவோர்க்கு அந்த அரைப்பக்கமே விடை. வரும் ஆண்டு விழாவில், பெரியவர்களின் சொற்பொழிவு ஒன்றைக் குறைத்து, அக்குறிப்புகளில் சிறந்த மூன்றைப் படிக்கச் செயலாளர் அவர்கள் இடம் தரவேண்டும் என்று இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். குறைக்கும் சொற்பொழிவு என்னுடையதாகவே இருக்கட்டும்.

நம் பிள்ளைகள் நாளை பெங்களூருக்கோ அயல்நாட்டுக்கோ செல்லலாம். அங்கே ஒருவர், 'நீ வளர்ந்த ஊர் எப்படிப்பட்டது?' என்று கேட்டால், காலனியின் பெயரோடு நிறுத்தாமல் ஓர் ஆற்றையும் ஒரு பாலத்தையும் ஓர் ஆலமரத்தையும் பற்றி அவர்கள் சொல்ல வேண்டும். அதற்கு ஆறு நாட்கள் போதும்.